ரேடார் திரையில் மூன்று புள்ளிகள்

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்று நாம் சொல்வதுண்டு. மூடுபனி இறங்கிய கடலில், சிறு படகில் இருப்பவருக்கு நேர்வது ஏறக்குறைய அதுவேதான். படகின் முன்நுனி தெரியும். அதற்கு அப்பால் ஒரு வெள்ளைச் சுவர். எங்கோ ஒரு பெரிய கப்பல் நீளமாக ஊதுகிறது. முன்னாலிருந்தா, வலப்பக்கத்திலிருந்தா? காதை நம்ப முடியாது. மூடுபனியில் ஒலி வரும் திசை ஏமாற்றும்.

பிரிட்டனையும் பிரான்சையும் பிரிக்கும் ஆங்கிலக் கால்வாயில் இத்தகைய பனி அடிக்கடி இறங்குகிறது. அதன் மிகக் குறுகிய பகுதிக்கு டோவர் நீரிணை என்று பெயர். அகலம் சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆனால் நாள் ஒன்றுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அவ்வழியே செல்கின்றன. நெரிசலைச் சமாளிக்க, சாலையைப் போலவே கடலையும் இரண்டு தடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வடகிழக்கே போகும் கப்பல்கள் பிரான்சுப் பக்கம். தென்மேற்கே போகிறவை இங்கிலாந்துப் பக்கம். இவ்விரண்டு தடங்களையும் குறுக்கே கடந்துதான் பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டுபவர்கள் கலேயிலிருந்து டோவருக்குப் போகிறார்கள். அவர்களுடைய படகின் நீளம் எட்டு அல்லது பத்து மீட்டர். வேகம் மணிக்கு 6 கடல் மைல். அதாவது 6 நாட். (ஒரு கடல் மைல் 1852 மீட்டர்.) எதிரே வரும் கப்பலோ பல ஆயிரம் டன் எடை கொண்டது. நினைத்தவுடன் அதனால் நிற்க முடியாது. தடத்தில் போகும் கப்பலுக்கு இடையூறு செய்யாமல் விலகிக்கொள்வது சிறு படகின் பொறுப்பு என்றுதான் கடல் விதியும் சொல்கிறது.

விலக வேண்டுமானால் முதலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! அதற்குத்தான் ரேடார். ஒரு காலத்தில் பெரிய கப்பல்களில் மட்டுமே இருந்த கருவி இன்று சிறு படகின் பாய்மரத்திலும் ஏறிவிட்டது. சுமார் 45 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, மூடி போட்ட வட்டப் பாத்திரம் போன்ற ஒரு வெள்ளை டப்பா மரத்தின்மேல் இருக்கும். கீழே சுக்கானுக்கு அருகில் ஒரு திரை. பொத்தானை அழுத்தினால் திரையில் கரை தெரியும், மிதவைகள் தெரியும், கப்பல்கள் புள்ளிகளாகத் தெரியும்.

இனிமேல் பயமில்லை என்று புதிதாக ரேடார் வாங்கியவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் அவர் கற்க வேண்டிய பாடம் அப்போதுதான் தொடங்குகிறது. திரையில் தெரிவது கடலின் புகைப்படம் அன்று. அது ஒரு புதிய எழுத்து மாதிரி. படிக்கத் தெரிந்தவருக்கே பொருள் தரும். தவறாகப் படித்தால் ரேடார் இல்லாதிருப்பதைவிட ஆபத்து அதிகம்.

கேள்வியும் பதிலும்

ரேடாரின் அடிப்படை நீங்கள் அறிந்ததே. மலையடிவாரத்தில் நின்று 'ஓ' என்று கூவினால் எதிரொலி வருகிறது. ஒலிக்குப் பதிலாக வானொலி அலைகளை அனுப்பினால் அது ரேடார். இதை முதலில் செய்து காட்டியவர் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர் என்ற ஜெர்மானிய இளைஞர். 1904 மே மாதம், கொலோன் நகரில் ரைன் நதிப் பாலத்தின் அருகே, தம்முடைய கருவியைப் பலர் முன்னிலையில் இயக்கினார். ஆற்றில் கப்பல் வந்ததும் கருவியில் மணி அடித்தது! கப்பல்கள் மோதிக்கொள்வதைத் தடுப்பதே அவருடைய நோக்கம். ஆனால் கப்பல் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. கருவி மறக்கப்பட்டது. பிறகு விமானங்களைக் கண்டுபிடிக்கும் போர்த் தேவைக்காக, 1930-களில் பல நாட்டினர் அதே கருத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 1940-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டால், பூட் என்ற இருவர் குழிவு மேக்னெட்ரான் என்ற குழலை உருவாக்கினார்கள். அதன் பின்னரே சில சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளை வலிமையாக உண்டாக்க முடிந்தது. அலை குறுகினால் ஏரியலும் குறுகலாம். சிறு படகில் ரேடார் ஏறியதற்கு அதுவே காரணம்.

படகு ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். சுழலும் ஏரியல் வினாடிக்கு ஏறத்தாழ 2000 துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரோ செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். (ஒரு மைக்ரோ செகண்டு என்பது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) துடிப்பை அனுப்பிவிட்டு, ரேடார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒரு கடல் மைல் தூரத்திலுள்ள கப்பலில் பட்டு எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகும்? போக 1852 மீட்டர், வர 1852 மீட்டர். ஆக 3704 மீட்டர். வினாடிக்கு 30 கோடி மீட்டர் வேகத்தில் வகுத்தால் 12.3 மைக்ரோ செகண்டு. தூரம் இப்படித் தெரிகிறது. எதிரொலி வந்த நேரத்தில் ஏரியல் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததோ அதுவே திசை. தூரமும் திசையும் கிடைத்தால் திரையில் ஒரு புள்ளி வைத்துவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துடிப்பின் வலிமை 4 கிலோவாட் என்று கருவியின் மேல் எழுதியிருப்பார்கள். ஆனால் துடிப்பு நீடிப்பது கண நேரம். மற்ற நேரமெல்லாம் மௌனம். 4000 வாட், வினாடிக்கு 2000 துடிப்பு, ஒவ்வொன்றும் 0.1 மைக்ரோ செகண்டு. பெருக்கிப் பாருங்கள். சராசரி ஒரு வாட்டுக்கும் குறைவு! 2009 வாக்கிலிருந்து மேக்னெட்ரான் இல்லாமல், டிரான்சிஸ்டர்களைக் கொண்டே இயங்கும் படகு ரேடார்களும் வந்துவிட்டன. அவை மெல்லிய அலையை நீண்ட நேரம் அனுப்பி, கணக்கிட்டு அறிகின்றன. திரையைப் படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

திரை சொல்லாதவை

'36 மைல் ரேடார்' என்று விளம்பரத்தில் இருக்கும். சிறு படகுக்கு அது வெறும் பெருமை. பூமி உருண்டை அல்லவா? ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் அடிவானத்துக்குக் கீழே இருப்பதைப் பார்க்காது. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் ரேடாரின் அடிவானம் கடல் மைலில் கிடைக்கும். படகில் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் 4.4 மைல். எதிரே வரும் கப்பலின் மேற்பகுதி 25 மீட்டர் உயரம் என்றால் அதற்கு 11 மைல். இரண்டையும் கூட்டினால் 15.4 மைல். அதற்கு அப்பால் மலைகளைத்தான் பார்க்கலாம்.

கிட்டத்தில் இருப்பதாவது தெளிவாகத் தெரியுமா? அதுவும் முழுவதும் இல்லை. ரேடார் அனுப்பும் கற்றை, கூர்மையான ஊசி போன்றதன்று. விசிறி போல் விரிவது. ஏரியல் சிறிதானால் விரிவு பெரிது. பெரிய கப்பலின் நீண்ட ஏரியலுக்கு ஒரு பாகை அளவே விரிவு. 45 சென்டிமீட்டர் ஏரியலுக்கு அது 5 பாகை. ஒரு மைல் தூரத்தில் 5 பாகை என்பது சுமார் 160 மீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் எங்கே எதிரொலி எழுந்தாலும் ரேடார் அதைப் பூசி மெழுகிவிடும். துறைமுக வாயில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே 100 மீட்டர் இடைவெளி. ஒரு மைல் தூரத்திலிருந்து ரேடாரில் பார்த்தால் இரண்டு சுவர்களும் ஒன்றாகச் சேர்ந்து, வாயிலே இல்லாத மதில்போலத் தோன்றும்! பழக்கமில்லாதவர் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிவிடுவார். பழகியவர் மெதுவாக இன்னும் நெருங்குவார். சுமார் 1100 மீட்டருக்குள் வந்ததும் மதில் பிளந்து வழி விடும்.

அலைகளும் எதிரொலி தரும். காற்று பலமாக அடிக்கும் நாளில் படகைச் சுற்றிலும் திரையில் ஒளிப்புழுதி நிறைந்திருக்கும். அதைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. திருகினால் புழுதி அடங்கி, திரை துடைத்துவிட்டது போல அழகாகிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். புழுதியோடு சேர்த்து, அதற்குள் இருந்த சிறு படகையும் துடைத்துவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் புழுதி திரையில் இருக்கட்டும் என்பதே அனுபவசாலிகளின் வழக்கம். மழைக்கும் இப்படித்தான். கனத்த மழைத் திரள் திரையில் பெரிய திட்டாக விழுந்து, தனக்குள் இருக்கும் கப்பல்களை மறைக்கும். மாலுமிக்குத் தொல்லையான இந்த எதிரொலிதான் வானிலை ஆய்வாளருக்குப் பொக்கிஷம். 2002 முதல் சென்னைத் துறைமுகத்தில் இருந்த டாப்ளர் ரேடார் தேடியதே அந்த மழைத் திட்டுகளைத்தானே!

இனி, உங்கள் படகு மற்றவர் திரையில் எப்படித் தெரியும்? இது இன்னும் முக்கியம். இரும்புக் கப்பல் நன்றாக எதிரொலிக்கும். மரமும் கண்ணாடி இழையும் எதிரொலிப்பது மிகக் குறைவு. 2006 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே 'ஊசோ' என்ற சிறு பாய்மரப் படகு இரவில் மறைந்தது. அதிலிருந்த மூவரும் இறந்தனர். ஒரு பெரிய பயணிகள் கப்பல் மோதியோ, மிக அருகில் கடந்தபோது எழுந்த அலையாலோ அது மூழ்கியிருக்க வேண்டும் என்று அரசு விசாரணை முடிவு செய்தது. கப்பலில் ரேடார் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. படகு அதில் கண்டறியப்படவில்லை.

இதற்காகச் சிறு படகுகளில் உலோகத் தகடுகளாலான ஒரு பிரதிபலிப்பானைக் கட்டுகிறார்கள். அதன் தத்துவத்தைக் கேரம் பலகையில் காணலாம். ஸ்டிரைக்கரை மூலைக்கு அருகே ஒரு பக்கச் சட்டத்தில் மோதவிட்டால், அது அடுத்த சட்டத்திலும் மோதி, வந்த வழிக்கு இணையாகவே திரும்பிவிடும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் அப்படித்தான். மூன்று தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தி ஒரு மூலை செய்தால், எத்திசையிலிருந்து வரும் அலையும் அனுப்பியவருக்கே திரும்பும். 30 சென்டிமீட்டர் விளிம்புள்ள ஒரு மூலை, சரியாகப் பார்த்தபடி இருந்தால், 3 சென்டிமீட்டர் அலைக்கு 30 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்புள்ள பொருள்போலத் தோன்றும்! விளிம்பை இரட்டித்தால் அது பதினாறு மடங்காகும். தகடுகள் கோணினால் இந்தப் பலன் எல்லாம் போய்விடும். இத்தகைய எட்டு மூலைகளைச் சேர்த்துச் செய்த பிரதிபலிப்பானைக் கட்டும்போது, ஒரு மூலை வானத்தைப் பார்த்து, மழை நீரை ஏந்தும் கிண்ணம்போல் இருக்க வேண்டும். கூர்முனை மேலே வரும்படி தொங்கவிடுவது பார்க்க அழகு, பலன் குறைவு. 'ஊசோ' விபத்துக்குப் பின் 2007-இல் பிரிட்டனில் பலவகைப் பிரதிபலிப்பான்களைச் சோதித்தார்கள். மெல்லிய குழாய் வடிவில் விற்கப்பட்ட ஒரு வகை போதவே போதாது என்று அப்போது தெரிந்தது. படகு சாயும்போது பல வகைகளின் எதிரொலி வெகுவாகக் குறைந்தது.

புள்ளி போகும் பாதை, கப்பல் போகும் பாதையா?

இப்போது பாடத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். ரயிலில் போகும்போது மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. பக்கத்துத் தண்டவாளத்தில் அதே வேகத்தில் செல்லும் ரயில் நின்றுகொண்டிருப்பது போல் இருக்கிறது. ரேடார் திரையிலும் இதே மயக்கந்தான். திரையின் நடுப்புள்ளி உங்கள் படகு. படகு எவ்வளவு ஓடினாலும் அது நடுவிலேயே இருக்கும். ஆகவே நங்கூரமிட்ட மிதவை உங்களை நோக்கி 6 நாட் வேகத்தில் 'வரும்'. உங்களோடு அதே திசையில் அதே வேகத்தில் போகும் கப்பல், பாறைபோல் ஒரே இடத்தில் நிற்கும். திரையில் நகர்வது கடலில் நிற்கிறது, நிற்பது நகர்கிறது!

ஒரு கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி, அது நீங்கள். ஒரு கட்டம் ஒரு கடல் மைல். மேல்பக்கம் உங்கள் படகு போகும் திசை. கலேயிலிருந்து டோவருக்குப் போகும் வழியில் முதல் தடத்தைத் தாண்டி, இங்கிலாந்துப் பக்கத் தடத்தில் இருக்கிறீர்கள். இங்கே கப்பல்கள் வலப்பக்கத்திலிருந்து வரும். பனி. பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினில் 6 நாட் போகிறீர்கள். மணி 10. ரேடாரில் ஒரு புள்ளி: வலப்பக்கம் 6 கட்டம், மேலே 3 கட்டம். தாளில் குறியுங்கள். 10 மணி 10 நிமிடத்துக்கு மறுபடி பார்க்கிறீர்கள்: வலம் 4, மேலே 2. பத்து நிமிடம் கழித்து: வலம் 2, மேலே 1.

மூன்று புள்ளிகளையும் இணையுங்கள். கோடு நேராக உங்கள் படகின் மேல் வந்து முடிகிறது. தூரத்தைப் பிதாகரஸ் தேற்றத்தால் கணக்கிடலாம்: 6.7 மைல், 4.5 மைல், 2.2 மைல். குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் திசை? மூன்று முறையும் முன்புறத்திலிருந்து வலப்பக்கமாக 63 பாகை. மாறவேயில்லை. திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். ரேடார் வருவதற்கு வெகு காலம் முன்பே மாலுமிகள் அறிந்திருந்த விதி இது. பத்தரை மணிக்கு இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்.

இந்தச் சாய்ந்த கோட்டைப் பார்த்ததும், கப்பலின் மூக்கு நேராகத் தம்மை நோக்கி இருப்பதாகப் புதியவர் எண்ணுவார். அது தவறு. ஒரு சிறு கணக்குப் போடுவோம். அந்தக் கப்பல் நங்கூரமிட்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 20 நிமிடத்தில் உங்கள் படகு 2 மைல் முன்னேறுகிறது. ஆகவே முதல் புள்ளி நேராக 2 கட்டம் கீழே இறங்கி, வலம் 6, மேலே 1 என்ற இடத்துக்கு வந்திருக்கும். உண்மையில் இருப்பதோ வலம் 2, மேலே 1. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இடப்பக்கமாக 4 கட்டம். இதுதான் கப்பல் தானாக நகர்ந்தது. 20 நிமிடத்தில் 4 மைல் என்றால் 12 நாட். ஆக, கப்பல் உங்கள் பாதைக்குச் சரியாகக் குறுக்கே, வலமிருந்து இடமாக 12 நாட் வேகத்தில் போகிறது! அதன் மூக்கு உங்களை நோக்கியே இல்லை. பத்து மணிக்கு உங்களுக்கு 3 மைல் முன்னால் இருந்த வெறும் தண்ணீரை நோக்கி இருக்கிறது. அந்த வெறும் தண்ணீருக்குத்தான் நீங்களும் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

என்ன செய்யலாம்? இரண்டாவது புள்ளியைக் குறித்ததுமே, 10 மணி 10 நிமிடத்துக்கு எஞ்சினை நிறுத்திவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (படகு உடனே நின்றுவிடாது; கணக்குக்காக நின்றதாகக் கொள்வோம்.) கப்பல் வலம் 4, மேலே 2-இல் இருக்கிறது. இனி உங்கள் நகர்ச்சி இல்லை. எனவே புள்ளி கப்பலின் உண்மையான பாதையிலேயே, நேராக இடப்பக்கம் நகரும். உங்களுக்கு 2 மைல் முன்னால் அது கடந்து போகும். திரையில் பார்ப்பவருக்குக் கப்பல் திடீரென்று வழி மாறியதுபோல் தோன்றும். மாறியது அதுவன்று, நீங்கள்தான்.

இரண்டு புள்ளிகளே போதுமா, மூன்றாவது எதற்கு என்று கேட்கலாம். முதல் இரண்டில் ஒன்று பிழையாக இருந்தால் கோடே தவறிவிடும். மூன்றாவது புள்ளி அதே கோட்டில் விழுந்தால்தான் கணக்கு உறுதியாகும். ஆனால் மூன்றாவதற்காக இருபது நிமிடம் காத்திருக்கக் கூடாது. பழகியவர்கள் மூன்று அல்லது ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பார்கள். ஆறு நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு, பெருக்கல் எளிது.

இரண்டு பெரிய கப்பல்கள்

பொழுதுபோக்குப் படகு ஓட்டுபவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் என்று எண்ண வேண்டாம். 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், இத்தாலியின் 'ஆன்ட்ரியா டோரியா'வும் சுவீடனின் 'ஸ்டாக்ஹோம்' கப்பலும் மோதிக்கொண்டன. இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் பல மைல்களுக்கு முன்பே ஒன்றையொன்று திரையில் கண்டுவிட்டன. இரண்டும் சேர்ந்து நெருங்கிய வேகம் சுமார் 40 நாட். அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு மைல். இத்தாலியக் கப்பலைச் சுற்றிப் பனி சூழ்ந்திருந்தது. அங்கே எதிர்க்கப்பலின் புள்ளிகளைத் தாளில் குறித்துப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே மதிப்பிட்டார்கள். எதிர்க்கப்பல் தம் வலப்பக்கமாகக் கடக்கும் என்று அதன் தலைவர் எண்ணி, இடைவெளியைக் கூட்டுவதற்காக இடப்பக்கம் 4 பாகை மட்டும் திருப்பினார். சுவீடன் கப்பலிலோ, இருவரும் ஒருவருக்கொருவர் இடப்பக்கமாகக் கடப்போம் என்று எண்ணினார்கள். இடைவெளியைக் கூட்ட அவர்கள் வலப்பக்கம் திருப்பினார்கள். விலகுவதற்காக ஒவ்வொருவரும் செய்ததே மற்றவரை நெருங்கச் செய்தது. 51 பேர் மாண்டனர். 'ஆன்ட்ரியா டோரியா' மறுநாள் காலை மூழ்கியது.

4 பாகைத் திருப்பம் எதிரே உள்ளவரின் திரையில் தெரியவே தெரியாது. சிறு படகின் ரேடார்க் கற்றையே 5 பாகை அகலம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே திருப்பினால் பளிச்சென்று தெரியும்படி பெரிதாகத் திருப்ப வேண்டும். அதையும் முன்கூட்டியே செய்ய வேண்டும். பனியில் முன்புறத்திலிருந்து வரும் கப்பலுக்காக இடப்பக்கம் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். 1972-இல் வகுக்கப்பட்டு 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல் விதிகள் இவற்றைச் சொல்கின்றன. ஓரிரு ரேடார்ப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வராதே என்றும் அவை வெளிப்படையாகவே எச்சரிக்கின்றன.

சிறு படகில் மற்றுமொரு தொல்லை. பெரிய கப்பல் நேராகப் போகும். சிறு படகின் மூக்கோ அலையில் பத்துப் பாகை இப்படியும் அப்படியும் ஆடும். திரையின் மேல்பக்கம் என்பது மூக்கு இருக்கும் திசைதானே? மூக்கு ஆடினால் திரையில் எல்லாப் புள்ளிகளும் ஆடும். 63 பாகையில் இருக்க வேண்டிய கப்பல் ஒருமுறை 58, ஒருமுறை 70 என்று காட்டும். திசை மாறுகிறது, ஆபத்தில்லை என்று எண்ணிவிடுவோம்! எனவே புள்ளியைக் குறிக்கும் அதே நொடியில் ஒருவர் திசைகாட்டியைப் படித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கோணத்தைக் கூட்டித்தான் கப்பலின் உண்மைத் திசையை அறிய வேண்டும். ஆட்டத்தைத் தானே கழித்துக்கொள்ளும் கருவிகளும், கப்பலைத் தொடர்ந்து குறித்துப் பாதையைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவிகளும் இன்று உண்டு. அவற்றோடு இணைத்த மின்னணுத் திசைகாட்டி பிசகினால் அவை சொல்லும் கணக்கும் பிசகும். கையால் ஒருமுறையேனும் குறித்துப் பழகியவர்தான் கருவி உளறுவதைக் கண்டுபிடிப்பார்.

இப்போது பெரிய கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலியில் தாமே அறிவித்துக்கொண்டே போகின்றனவே, ரேடார் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இந்த ஏற்பாடு 2004-க்குள் கட்டாயமாக்கப்பட்டது. மிகவும் உபயோகமானதுதான். ஆனால் எல்லாச் சிறு படகுகளிலும் அது இருப்பதில்லை. மிதக்கும் பெட்டிக்கும் பாறைக்கும் அது இல்லவே இல்லை. சொல்ல விரும்புகிறவரின் குரலைத்தான் அந்த ஏற்பாடு கேட்கும். ரேடார் வாய் திறக்காதவர்களையும் தேடிப் பார்க்கும்.

பிரிட்டனில் படகு ஓட்டுவோர் சங்கம் ரேடாருக்கென்றே ஒரு நாள் பயிற்சி நடத்துகிறது. அடிப்படைகளுக்கு ஒரு நாள் போதும். பிறகு பழக வேண்டியது கடலில். அதுவும் பனி இல்லாத நாளில்! நல்ல வெயிலில் ரேடாரை இயக்கிவிட்டு, ஒரு கண் திரையிலும் ஒரு கண் கடலிலுமாகப் போக வேண்டும். அதோ தெரியும் சிவப்பு மிதவை திரையில் எந்தப் புள்ளி? கண்ணுக்குத் தெரியும் அந்த மரப்படகு ஏன் திரையில் இல்லை? புழுதிக் குமிழைத் திருகினால் எந்தக் கணத்தில் பக்கத்துப் படகு மறைகிறது? குறுக்கே வரும் கப்பலின் மூன்று புள்ளிகளைக் குறித்து அது எங்கே கடக்கும் என்று எழுதிவைத்துவிட்டு, உண்மையில் எங்கே கடக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். விடைத்தாள் எதிரிலேயே விரிந்து கிடக்கிறது. பனி இறங்கியபின் அந்த வசதி கிடையாது.

கட்டத்தாளை மடித்து வைப்பதற்கு முன் இன்னொரு கணக்கு. 10 மணி 10 நிமிடத்துக்கு நீங்கள் எஞ்சினை நிறுத்தவில்லை. அதற்குப் பதில் 90 பாகை வலப்பக்கம் திரும்பி, அதே 6 நாட் வேகத்தில் கப்பலுக்கு எதிர்த்திசையில் போகிறீர்கள். கப்பல் எந்தப் பக்கமாக, எவ்வளவு தள்ளி, எத்தனை நிமிடத்தில் உங்களைக் கடக்கும்? போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அடுத்த வரியைப் படியுங்கள்.

விடை: உங்கள் இடப்பக்கமாக, 2 மைல் தள்ளி, 13 நிமிடம் 20 வினாடியில்.